எலியின் உயிரும் அமானிதம்தான்



காய்ச்சல் என்றதும் டெங்கு என்எஸ்1 பரிசோதனைக்கு ஓடுகிறோம். அந்தச் சிறிய பட்டியில் கோடு விழச் செய்யும் பிறபொருளெதிரி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் மண்ணீரலில் இருந்து எடுத்த வெண்குருதிக் கலங்களைப் புற்றுநோய்க் கலங்களோடு இணைத்தார்கள். ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரக்கும் கலங்கள் கிடைத்தன. 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய டெங்குப் பட்டி, கர்ப்பப் பரிசோதனைப் பட்டி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

"எலியைக் கொன்று ஆராய்ச்சி செய்வது பாவமில்லையா சேர்?" என்று உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நாம்தான் சரியாகப் பதில் சொல்வதில்லை. ஒன்றில் "எலிதானே" என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் "அந்தப் படிப்பே வேண்டாம்" என்று பிள்ளையைத் திருப்பிவிடுகிறோம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தேவைக்கு உயிரை எடுக்கலாம். வதைக்கவோ வீணாக்கவோ கூடாது. ஆய்வுகூடத்துக்கும் இதுதான் அளவுகோல்.

ஒரு சுண்டெலியின் மொத்தக் குருதியே ஏறக்குறைய 2 மில்லிலீற்றர்தான். அதனால்தான் பெரும்பாலும் மண்ணீரலை எடுக்கிறார்கள். மெல்லிய வலையில் தேய்த்துக் கலங்களைப் பிரிப்பார்கள். அமோனியம் குளோரைட்டுக் கரைசலால் செங்குருதிக் கலங்களை உடைத்து, எஞ்சும் வெண்குருதிக் கலங்களைச் சேர்ப்பார்கள். கரைசலில் நேரம் கடந்துவிட்டால், குளிரில் வைக்க மறந்துவிட்டால், வேண்டிய கலங்களும் செத்துப்போகும். அந்த எலி செத்தது வீண். அடுத்த எலியைக் கொண்டுவருவார்கள். அந்த இடத்தில் கவனக்குறைவு வெறும் தவறல்ல, வீண்விரயம்.

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று விடயங்களை வலியுறுத்தினார்கள்: மாற்றுவழி இருந்தால் விலங்கைத் தொடாதே, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. நம் மார்க்கம் சொல்வதும் இதற்கு முரண் அல்லவே!

ஆகவே பெற்றோரே, இரக்கம் வருகிறது என்பதற்காகப் பிள்ளையை அந்தத் துறையிலிருந்து தடுக்காதீர்கள். இரக்கமில்லாதவர் கையில் அந்த வேலையை விட்டுவிட்டு, பட்டியை மட்டும் நாம் வாங்கிப் பயன்படுத்துவது எந்த வகை நியாயம்? எலியைப் பிடிக்கும்போது மனம் கூசுகிற பிள்ளைதான் அங்கே போக வேண்டும். ஓர் எலியையும் வீணாக்காமல் வேலை செய்யப்போவது அந்தப் பிள்ளைதான், இன்ஷா அல்லாஹ்.