டால்பின்: கரை ஒதுங்கிய வேகம்

பெங்களூரில் பிறந்து சோழவரத்தில் சீறிய ஒரு குட்டிக் கார், சொந்த ஊரிலேயே தேடிப் பிடிக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

வியாழக்கிழமை மாலை. விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கார் நிறுத்த இடம் கிடைத்தால், அதையும் ஒரு அற்புதமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மாருதி, ஹூண்டாய், டாடா, டொயோட்டா என்று வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்தில் ஆஸ்டின் டவுன் இருக்கிறதே, பழைய கார் ஏதாவது கண்ணில் படும் என்று வெளியூர்க்காரர் நினைத்தால் ஏமாந்துபோவார். அந்தப் பெயருக்கும் ஆஸ்டின் காருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஜப்பான் கார் உண்டு, கொரியா கார் உண்டு. பெங்களூரின் சொந்தக் கார் மட்டும் இல்லை.

அப்படி ஒன்று இருந்ததா என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக் யாரையாவது கேட்டால், சிரித்துக்கொண்டே 'பிளாஸ்டிக் கார்' என்பார். சிபானி டால்பின் என்ற முழுப் பெயர் பிறகுதான் அவர் நினைவுக்கு வரும்.

கதை 1970களில் தொடங்குகிறது. கார் வாங்க விரும்பும் இந்தியனுக்கு அம்பாசடர், பத்மினி இரண்டையும் விட்டால் அநேகமாக வேறு வழியில்லாத காலம். சன்ரைஸ் ஆட்டோ இண்டஸ்ட்ரீஸ் என்ற பெங்களூர் நிறுவனம், 'பாதல்' என்ற மூன்று சக்கரக் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியில் மேகம் என்று பொருள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, ஃபைபர் கிளாஸ் உடம்பு, பின்பக்கத்தில் ஸ்கூட்டருக்கு அளவான 198 சி.சி. டூ ஸ்ட்ரோக் என்ஜின். ஆட்டோவா, காரா என்று ஊர் முடிவு செய்வதற்குள் மேகம் கலைந்துவிட்டது.

சிபானி ஆட்டோமொபைல்ஸ் என்று பெயர் மாறிய அதே நிறுவனம் அடுத்த முறை இங்கிலாந்துக்குப் போனது. டாம்வொர்த் நகரத்து ரிலையண்ட் கம்பெனி, மூன்று சக்கரக் கார்களுக்குப் பேர் போனது. அது 1975 முதல் 1982 வரை 'கிட்டன்' என்ற நான்கு சக்கரக் குட்டிக் காரைத் தயாரித்தது. நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு அங்கே அந்தக் கதை முடிந்தது. பூனைக்குட்டி கப்பலேறி வந்து 1982இல் பெங்களூரில் டால்பினாக மறுபிறவி எடுத்தது.

ரிலையண்டுக்கு இது பழகிய வியாபாரம்தான். இரும்புத் தகட்டை அழுத்தி உடம்பு செய்யும் ராட்சத இயந்திரங்களுக்குப் பணமில்லாத நாடுகளுக்கு, அச்சில் வார்க்கும் ஃபைபர் கிளாஸ் காரை அது கற்றுக்கொடுத்தது. இஸ்ரேலில் சுசிதா, துருக்கியில் அனடோல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. சுசிதாவை ஒட்டகம் தின்றுவிடும், அனடோலை எருது கடித்துவிடும் என்று அந்தந்த நாட்டில் கேலிக் கதைகள் உலவின. துருக்கியர்கள் கேலி செய்தாலும் காரைக் கைவிடவில்லை. இன்று அனடோல் அவர்களுக்குப் பாசத்துக்குரிய தேசியச் சின்னம்.

டால்பினைப் பார்த்தவர்கள் அதை வேகத்தோடு சேர்த்து நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு கதவு, சோப்புப் பெட்டி போன்ற உருவம், நீளம் சுமார் மூன்றே கால் மீட்டர். ஆனால் பானெட்டுக்கு அடியில் இருந்தது லேசான சரக்கு அல்ல: நாலு சிலிண்டர், 848 சி.சி., முழுக்க அலுமினியம். இந்த வகை என்ஜினை ரிலையண்ட் 1962இலேயே பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. பிரிட்டனில் அதுவே முதல்முறை. கிட்டனில் அது கொடுத்த சக்தி 40 குதிரை. வண்டியின் எடையோ சுமார் 520 கிலோ. ஒரு குதிரை இழுக்க வேண்டியது 13 கிலோ மட்டும். பிரிமியர் பத்மினியிலும் ஏறக்குறைய அத்தனை குதிரைகள்தான், ஆனால் எடை 900 கிலோவை நெருங்கும். ஒவ்வொரு குதிரைக்கும் 22 கிலோ சுமை. அம்பாசடரின் கணக்கைப் போடாமல் விடுவதே மரியாதை.

குடும்பத் தலைவர்கள் பார்க்காத இந்தக் கணக்கைப் பந்தயக்காரர்கள் பார்த்தார்கள். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரம் அப்போது இந்தியப் பந்தயங்களின் தலைநகரம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய போட்டிகளுக்குத் திருவிழாக் கூட்டம் கூடும். பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஃபார்முலா கார்களில் பறப்பார்கள். மற்றவர்களுக்கு இங்கே கிடைக்கும் வண்டிகளைப் பிரித்து மேய்வதுதான் வழி. அவர்களுக்கு டால்பின் வரப்பிரசாதம். பின்சக்கர இழுவை, லேசான உடம்பு, சுற்றுக்குச் சளைக்காத என்ஜின். பெரிய கார்புரேட்டர் மாட்டி, சிலிண்டர் ஹெட்டைச் சீவி, பம்பரையும் பின் இருக்கையையும் கழற்றி எறிந்தால் பந்தயக் கார் தயார். ராலிகளின் மண் பாதைகளிலும் அது ஓடியது.

அங்கேயே அதன் அழிவும் ஆரம்பித்தது. வேகமான கார்கள் பத்திரமாக வைக்கப்படுவதில்லை. ஓட்டுகிறவனின் ஆசை தீரும்வரை ஓடிவிட்டு, உருண்டு, உடைந்து, அடுத்த வண்டிக்கு உதிரி பாகமாகிப் போகின்றன. மிகச் சிறந்த டால்பின்கள் முதலில் அழிந்தது இப்படித்தான்.

மீதியை மாருதி பார்த்துக்கொண்டது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி ஒப்படைத்தபோது, டால்பினுக்கு வயது ஒன்றுதான். சுசுகி என்ஜினும் அரசாங்கத்தின் ஆதரவும் ஊருக்கு ஊர் சர்வீஸ் நிலையமும் கொண்ட போட்டியாளர் எதிரே நிற்கும்போது, பெங்களூரின் ஒற்றைத் தொழிற்சாலை என்ன செய்யும்? கதவுகளைக் கூட்டி மொன்டானா என்று ஒரு காரை விட்டுப் பார்த்தார்கள். டீசல் என்ஜின் வைத்துப் பார்த்தார்கள். 1990களின் மத்தியில் பிரிட்டனின் ரோவர் மான்டெகோவைக் கொண்டுவந்து கோர்த்து விற்றும் பார்த்தார்கள். எடுபடவில்லை. பந்தயக்காரர்கள்கூட மாறிவிட்டார்கள். கோவையின் கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, மாருதி 800இன் என்ஜினில்தான் ஓடியது. 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையின் புதிய ஓடுதளத்துக்கு இடம் மாறியது. டால்பினின் காலம் சோழவரத்தோடு போயிற்று.

தப்பிய வண்டிகள் என்ன ஆயின?

ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது. ஆகவே டால்பின் சிரஞ்சீவி என்று விற்பவர் அடித்துச் சொல்வார். உடம்பு துருப்பிடிக்காதது உண்மை. அதைத் தாங்குவது இரும்புச் சேஸிஸ். மேலே வண்ணம் மங்காமல் மினுக்கும் வண்டியின் அடியில், மழைநீரும் சேறும் தங்கிய மூலைகளில் சேஸிஸ் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருக்கும். அம்பாசடர் துருப்பிடித்தால் கதவிலேயே ஓட்டை தெரியும், உரிமையாளர் விழித்துக்கொள்வார். டால்பின் தன் நோயை வெளியே சொல்லாது.

என்ஜினின் பிரச்சினை தண்ணீர். அம்பாசடரின் வார்ப்பிரும்பு என்ஜினுக்குக் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், அவசரத்துக்குக் குளத்துத் தண்ணீர் எதை ஊற்றினாலும் ஜீரணமாகும். அலுமினியம் அப்படியல்ல. அரிப்பைத் தடுக்கும் கூலண்ட் கலக்காமல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் அது மெல்ல மெல்ல அரிக்கும், நீர்வழிகள் அடைபடும், என்ஜின் சூடேறும், ஹெட் வளையும், கேஸ்கட் போகும். கூலண்ட் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், போர்வெல் தண்ணீர் குடித்த டால்பின்கள் எத்தனை நாள் தாங்கும்? வண்டி மட்டம் என்று பெயர் வந்தது. உண்மையில் மட்டம் தண்ணீர்தான்.

கேஸ்கட் போன வண்டிக்கு உதிரி பாகம் தேடி ஜே.சி. ரோடு கடைகளில் ஏறி இறங்கி அலுத்தவர், கடைசியில் மெக்கானிக்கின் யோசனைக்குத் தலையாட்டுவார்: வேறு வண்டியின் என்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம். ஓடுகிற வண்டி வேண்டும் என்பவருக்கு அது நியாயமான யோசனைதான். கழற்றிய அலுமினிய என்ஜின் எடைக்குப் போகும். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்கு எப்போதும் இரும்பை விட நல்ல விலை. இதில்தான் டால்பினின் விதி மற்றக் கார்களிடமிருந்து பிரிகிறது. பழைய அம்பாசடரை முழுசாக எடை போட்டு வாங்குவார்கள். டால்பினில் என்ஜினுக்குப் பணம் கிடைக்கும். ஃபைபர் உடம்பை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை. எனவே மதிப்புள்ள பாகம் உருக்கப்படுகிறது, மதிப்பில்லாத பாகம் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. உள்ளே கோழி முட்டையிடும். பழங்கார்ப் பிரியர்கள் தேடிப்போனால் பெரும்பாலும் காணக் கிடைப்பது இந்தக் கூடுதான்.

மைசூரின் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தக் கதி வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1996இல் தொழிற்சாலை மூடிய பிறகும் அவை பெங்களூர்த் தெருக்களில் ஓடின. பிரியர்கள் சங்கம் வைத்தார்கள், பாகங்களைத் தேடிச் சேர்த்தார்கள். அதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. லட்சக்கணக்கில் விற்ற வண்டிக்கு ஒரு பாகம் செய்து வைத்தால் வாங்க ஆள் வரும். விரல் விட்டு எண்ணும் வண்டிகளுக்கு யார் அச்சு போடுவார்கள்?

சட்டமும் டால்பினுக்கு ஒத்தாசையாக இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பிறகு 50 ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், உடம்பு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நல்ல விதிதான், மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மிக மூத்த டால்பினுக்கே 2032இல்தான் 50 வயது. அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. 2022இல் 15 வயதைத் தாண்டிய சொந்தக் கார்களின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 வயதைத் தாண்டியவற்றுக்கு அது 10,000 ஆயிற்று. கோழி முட்டையிடும் வண்டிக்குப் பத்தாயிரமா என்று உரிமையாளர் கேட்டால் தப்புச் சொல்ல முடியாது.

சரி, 2032 வரை தம் பிடித்தாலும் ஒரு சிக்கல். என்ஜின் மாற்றியதால்தான் பல வண்டிகள் உயிரோடு இருக்கின்றன. அதே என்ஜின் மாற்றம்தான் அவற்றை விண்டேஜ் வரிசைக்குத் தகுதியற்றதாக்கும்.

ஆனாலும் டால்பினைக் காப்பாற்றுவது, பார்க்கிற அளவுக்கு முடியாத காரியமல்ல. ரிலையண்ட் கம்பெனி கார் உற்பத்தியை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன; ஆனால் இங்கிலாந்தில் கிட்டன் பிரியர்களின் சங்கம் உண்டு. அங்கே செலவு குறைந்த '750 ஃபார்முலா' பந்தயங்களில் ரிலையண்ட் என்ஜின் நீண்ட காலம் கோலோச்சியதால் அதன் பாகங்களையும் நுணுக்கங்களையும் அறிந்தவர்கள் உண்டு. அசல் என்ஜினை உருக்காமல் மூலையில் போட்டு வைத்திருப்பவருக்கு வழி இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் வண்டியைப் பார்க்கக் கூடாது, ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். உரிமையாளர் காலமாகி, பெயர் மாற்றாமல், பதிவு காலாவதியாகி நிற்கும் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தலைவலி. அடுத்து, ஒரு ஸ்குரூ டிரைவரோடு தரையில் படுத்து சேஸிஸை ஓரம் ஓரமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் சரி. 'பொத்' என்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். என்ஜின் எண் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பது மூன்றாவது.

உடம்பில் விரிசல், ஓட்டை இருந்தால் மட்டும் கவலை வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. காசிமேட்டிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் பாறையில் மோதி உடைந்த படகை, கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் வைத்து ஒட்டி மறுநாள் கடலுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு டால்பினின் பானெட் ஒரு மத்தியான வேலை.