பொம்மைப் படம் பார்க்கலாம் வாங்க

சென்ற ஞாயிறு காலை தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கி முடித்து, அக்காவும் நானும் அக்கா மகனும் அங்கேயே உணவங்காடியில் தோசைக்கு உட்கார்ந்தோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் மருமகன் நான்கே வாயில் தோசையை முடித்துவிட்டு, கைபேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்து இயர்போனை மாட்டிக்கொண்டான்.

“பாத்தியா தம்பி? எந்நேரமும் இந்த ஜப்பான் பொம்மைப் படம்தான். பரீட்சை வேற வருது. பேசாம நெட்ஃபிளிக்சையே நிறுத்திடலாம்னு இருக்கேன்,” என்றாள் அக்கா. பிறகு அவன் காதிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றி, “அப்படி என்னதான்டா இருக்கு இதுல?” என்று கேட்டாள்.

“ஒன்னுமில்லம்மா,” என்றான் அவன்.

எனக்குச் சுருக்கென்றது. 2007ஆம் ஆண்டு, ஈசூன் வீட்டில், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் அப்பா அதே கேள்வியைத்தான் கேட்டார். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

அப்பாவுக்கு இரண்டு வருத்தம். வளர்ந்த பையன் பொம்மைப் படம் பார்க்கிறானே என்பது ஒன்று. அது ஜப்பான்காரன் படம் என்பது மற்றொன்று. தாத்தாவின் அண்ணனை ஜோகூர்த் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. தாத்தா தம் பத்தாவது வயதில், ஜப்பானியர் ஆட்சியில், பள்ளியில் ஜப்பானிய மொழியில் எண்ணக் கற்றவர். முதுமையிலும் மாடிப்படி ஏறும்போது ‘இச்சி, நி, சான்’ என்று வாய் தானாக எண்ணும். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், நான் எதைப் பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்ல நான் மெனக்கெடவில்லை. அவர் போய் ஆறு ஆண்டாகிறது. மருமகன் சொல்லாமல் விட்ட பதிலை, அக்காவுக்கும் அவளைப் போன்ற பெற்றோருக்கும் இந்த வாரம் நான் சொல்லிப் பார்க்கிறேன்.

நம் தொடர்கதை மாதிரிதான்

அனிமே என்பது ஒரே வகைக் கதை அன்று. ஜப்பானில் வரைந்து அசைய வைக்கும் படங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். ‘தமிழ்ப் படம்’ என்று சொன்னால் குழந்தைகள் பார்ப்பதும் உண்டு, பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டியதும் உண்டு அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

1963ல் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ வாரந்தோறும் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. பணமும் நேரமும் குறைவு. அதனால் அசைவுகளைக் குறைத்து, வரைந்த படங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அசைவில் குறைந்ததைக் கதையாலும் குரலாலும் ஈடுகட்டினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. பெரும்பாலான அனிமே தொடர்கள், வார, மாத இதழ்களில் வரும் ‘மங்கா’ சித்திரக்கதைகளிலிருந்து பிறப்பவை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வந்தபோது நம் பாட்டிமார்கள் வாரா வாரம் காத்திருந்து படித்து, பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்தார்களே, அதே காத்திருப்புதான் இது. ஒவ்வொரு பகுதியும் கொக்கி போட்டு முடிவதற்கும், உங்கள் பிள்ளை “இன்னும் ஒன்னே ஒன்னு” என்று கெஞ்சுவதற்கும் காரணம் புரிகிறதா?

வீட்டில் சேர்ந்து பார்ப்பதற்கு நான் ஐந்து தொடர்களைப் பரிந்துரைப்பேன்.

தோற்றவர்களையும் காட்டும் ‘ஹைக்யூ’

ஐந்தரை அடிகூட இல்லாத ஹினாதா என்ற மாணவனுக்குக் கைப்பந்து ஆட ஆசை. வலைக்கு மேலே கைகூட எட்டாது. ஆனால் நன்றாகக் குதிப்பான். நடுநிலைப் பள்ளியில் அவன் ஆடிய முதல் போட்டியிலேயே அவனைத் தோற்கடித்த ககெயாமா, உயர்நிலையில் அவனுடைய அணிக்கே வந்து சேர்கிறான். 2014ல் வந்த முதல் பருவத்தில் 25 பகுதிகள்.

எனக்குப் பிடித்தது வெற்றிகள் அல்ல. முதல் சுற்றிலேயே தோற்று வீடு திரும்பும், கதைக்குத் தேவையே இல்லாத பள்ளி அணிகளையும் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறார்கள். நாயகர்களின் அணி தோற்றபோது, பயிற்றுவிப்பாளர் அவர்களைச் சாப்பிட உட்கார வைக்கிறார். சோற்றை வாயில் அடைத்துக்கொண்டே அழுகிறார்கள். இணைப்பாட நடவடிக்கையில் மாற்று ஆட்டக்காரராகவே நான்கு ஆண்டுகளை முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இதை அவர் ஏன் பார்க்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை.

தனிமையும் சதுரங்கமும்: ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’

2024 டிசம்பர் 12ஆம் தேதி, நம் செந்தோசாவில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் டிங் லிரனை வென்று உலகச் சதுரங்க வெற்றியாளரானார். கண்ணைத் துடைத்துக்கொண்டே காய்களை அடுக்கி வைத்த அந்த இளைஞரைப் பார்த்தபோது எனக்கு இந்தத் தொடரின் ரெய் நினைவுக்கு வந்தான்.

ரெய்க்கு 17 வயது. ‘ஷோகி’ எனும் ஜப்பானியச் சதுரங்கத்தில் பள்ளிப் பருவத்திலேயே தொழில்முறை ஆட்டக்காரன் ஆனவன். விபத்தில் பெற்றோரையும் தங்கையையும் இழந்து, தோக்கியோவில் தனியாக வசிக்கிறான். மூன்று சகோதரிகள் இருக்கும் ஒரு வீட்டில் அவனைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் மனச்சோர்வு எப்படி இருக்கும் என்பதைத் தண்ணீருக்குள் மூழ்குவது போன்ற காட்சிகளில் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பருவத்தில், பள்ளியில் கொடுமைப்படுத்தப்படும் தோழிக்குத் துணை நின்றதற்காக நடுச்சகோதரி தானே இலக்காகிறாள். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொள்ளும்போது வெளியே நிற்கும் பெற்றோர் பார்க்க வேண்டிய பகுதிகள் அவை. இரண்டு பருவங்களிலும் சேர்த்து 44 பகுதிகள்.

அலுவலகம் போகிறவர்களுக்கு: ‘பராகமோன்’

ஹண்டா ஓர் இளம் எழுத்தோவியர். கண்காட்சிக்கூட இயக்குநரான பெரியவர் ஒருவர், “பாடப்புத்தக எழுத்து மாதிரி இருக்கிறது” என்ற பொருளில் சொல்லிவிட, கோபத்தில் அவரை அடித்துவிடுகிறான். அப்பா அவனை நாகசாகி பக்கமுள்ள கோத்தோ தீவுகளுக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே வீட்டுக் கதவைத் தட்டாமலே நுழையும் நாரு என்ற வாண்டும் ஊர்க்காரர்களும் அவனைச் சும்மா இருக்க விடுவதில்லை. பன்னிரண்டே பகுதிகள்.

பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பைப் போட்டுப் போட்டே தேர்ச்சி பெற்று வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு, “தப்பில்லாமல் இருக்கிறது, ஆனால் உன்னுடையது அல்ல” என்ற விமர்சனம் எங்கே குத்தும் என்று தெரியும். அம்மா, பெரியம்மாமார்களையும் கூட உட்கார வையுங்கள். கம்பத்து வாழ்க்கையை அறிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே கொண்டுவந்து வைக்கும் காய்கறியைப் பார்த்ததும் தங்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

அப்பாவுக்குக் காட்டியிருக்க வேண்டியது

‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ 2009, 2010ல் வந்தது, 64 பகுதிகள். இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று, ஓர் அண்ணன் கையையும் காலையும், தம்பி உடலையே இழக்கிறார்கள். இழந்ததை மீட்கப் புறப்படும் அவர்களுக்கு, தங்கள் நாட்டு ராணுவம் இஷ்வால் என்ற இனத்தையே அழித்த கதை தெரியவருகிறது. நமக்குப் பிடித்துப்போன நல்ல அதிகாரிகளே அந்தக் கொலைகளில் கைநனைத்தவர்கள். “உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம்” என்று சொல்லித் தப்பிக்க இந்தக் கதை அவர்களை விடுவதில்லை. இதை எழுதி வரைந்தவர் ஹொக்கைடோ தீவின் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த ஹிரோமு அராகவா என்ற பெண். எழுதுவதற்காகப் போரில் இருந்தவர்களிடம் பேசியவர்.

கூடவே ஒரு திரைப்படம்: இசாவோ தகஹாதா இயக்கி 1988ல் வந்த ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. கோபே நகரில் குண்டுவீச்சில் தாயை இழந்த 14 வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியோடு நடத்தும் போராட்டம். மூலக்கதையை எழுதிய அகியுகி நொசாகா, 1945ல் தம் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர்.

இவற்றைப் பார்த்தால் தாத்தாவின் அண்ணனுக்கு நேர்ந்தது சரியாகிவிடுமா? ஆகாது. இந்தப் படத்திலும் அவரைப் போன்றவர்களுக்கு இடமில்லை என்று அப்பா சொல்லியிருப்பார், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த நாட்டிலேயே போரைப் பற்றி வெட்கத்தோடும் துக்கத்தோடும் வரைந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நான் காட்டியிருக்கலாம். தாத்தாவைப் பற்றி அவரும் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பார்.

கடைசியாக, ‘ஃப்ரீரன்’

வழக்கமான கதை முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. அசுரர்களின் அரசனைக் கொன்று, பத்தாண்டுப் பயணத்தை முடித்து நால்வர் ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் ஃப்ரீரன் ஆயிரம் ஆண்டுக்குமேல் வாழ்ந்தவள். அவளுக்குப் பத்தாண்டு ஒரு நொடி. “ஐம்பது ஆண்டு கழித்துச் சந்திப்போம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் திரும்பி வரும்போது தலைவன் ஹிம்மெல் கிழவனாகியிருக்கிறான். சில நாளில் இறந்தும் போகிறான். பத்தாண்டு கூடவே இருந்தும் அவனைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ளவில்லையே என்று இறுதிச் சடங்கில்தான் அவளுக்கு உறைக்கிறது. 2023, 2024ல் வந்த முதல் பருவத்தில் 28 பகுதிகள். முதல் பகுதியைப் பார்த்த இரவு நான் இரண்டாவதைப் போடவில்லை. அப்பாவின் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோருக்குச் சில எச்சரிக்கைகள்

எல்லாமே எல்லாருக்கும் உகந்தவை அல்ல. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ சிறந்த தொடர். ஆனால் மனிதரை டைட்டன்கள் கடித்துத் தின்னும் காட்சிகள் முதல் பகுதியிலேயே வருகின்றன. 16 வயதுக்குமுன் வேண்டாம் என்பேன். ‘டீமன் ஸ்லேயர்’ அண்ணன் தங்கை பாசக் கதைதான், ஆனாலும் தலைகள் உருளும். பிஜி13, என்சி16, எம்18 என்ற வகைப்பாட்டைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஒன் பீஸ்’ 1,100 பகுதிகளைத் தாண்டிவிட்டது. அதைப் பரீட்சை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

சட்டபூர்வத் தளங்களில் மட்டுமே பாருங்கள். 2007ல் இங்கே அனிமே பதிவிறக்கம் செய்தவர்களுக்குச் சில ஆயிரம் வெள்ளி கேட்டு வழக்கறிஞர் கடிதங்கள் போனபோது, தபால் பெட்டியைத் திறக்கவே எனக்குக் கை நடுங்கியது. இன்று நெட்ஃபிளிக்ஸ், கிரஞ்சிரோல் இரண்டிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ‘சோலோ லெவலிங்’ போன்ற சில, தமிழ்க் குரலிலும் வந்துவிட்டன. பாட்டிக்கு வேண்டுமானால், யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ராமாயண அனிமே படம் இருக்கிறது. 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளில் அது தமிழிலும் மறுபடி வெளியானது.

அன்று தேக்காவில் அக்காவிடம் ஒன்றுதான் சொன்னேன்: “நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பகுதி அவன்கூட உக்காந்து பாரு.” மருமகனிடம், “அம்மாவுக்கு ‘ஹைக்யூ’ போட்டுக் காட்டு,” என்றேன்.

செவ்வாய் இரவு அவனிடமிருந்து குறுஞ்செய்தி. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் நான்கு பகுதிகள் பார்த்தாகிவிட்டதாம். அக்கா பள்ளி நாளில் கைப்பந்து ஆடியவள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரியுமாம். “மாமா, அம்மா ஒவ்வொரு ஆட்டத்தையும் நிறுத்தச் சொல்லி, அந்தப் பையன் நிக்கிற இடமே தப்புன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. எப்படி வாயை மூட வைக்கிறது?” என்று கேட்டிருந்தான்.

மூட வைக்காதே என்று பதில் அனுப்பினேன்.