ஏலத்தோட்டத்தில் அவள் பங்கு

விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் காய் பறிப்பவள் பெண். போடியில் ஏலக்காயைத் தரம் பிரிப்பவளும் பெண்தான். தோட்டப் பத்திரத்தில் மட்டும் பெரும்பாலும் கணவன் பெயர்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவன் இறந்தால் மனைவிக்குப் பிள்ளைகளோடும் மாமியாரோடும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கு முழு உரிமை; வாழும்வரை அனுபவிக்கும் பழைய அரைகுறை உரிமை அல்ல. ஆனால், சுயமாகச் சம்பாதித்த சொத்தைக் கணவன் உயிலில் வேறொருவருக்கு எழுதிவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஜீவனாம்சம் கேட்கும் வழி மட்டுமே. அவன் உயிருடன் இருக்கையிலும் ஜீவனாம்சம் உண்டு; சொத்தில் பங்குதான் இல்லை.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு இங்கேதான் வெளிச்சம் காட்டியது. அந்த வழக்கில், கணவன் சவுதியில் உழைத்தான். மனைவி ஊரில் குடும்பத்தைத் தாங்கினாள். அவள் உழைப்பும் சொத்தைச் சேர்த்தது என்று கூறி, சமபங்கு அளித்தார் நீதிபதி. அதுவும் பல ஆண்டு வழக்காடிய பிறகு.

ஒவ்வொரு மனைவியும் நீதிமன்றப் படி ஏற முடியுமா? மண வாழ்வில் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பங்கு என்று நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டும். அதுவரை, புதிதாக நிலம் வாங்கும் போடிக் குடும்பங்கள் பத்திரத்தில் இருவர் பெயரையும் எழுதட்டும்.