பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டது யாரு?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு பெரியவளாயிட்டா. பதினொரு வயசு. சடங்கு வீட்டில் சீர்த்தட்டைவிட அதிகமா சுத்தி வந்தது ஒரே ஒரு டயலாக்தான். "ஊசி போட்ட பிராய்லர் கோழியா வாங்கிக் குடுத்தா வேற என்ன ஆகும்?"

சொன்னவங்க சாப்பிட்டு, தாம்பூலப் பையோட கிளம்பிட்டாங்க. அக்கா மட்டும் ராத்திரி கொல்லைப்புறத்தில் உக்காந்து அழுதுட்டிருந்தா. "நான்தான்டா புள்ளையக் கெடுத்துட்டேனா?"ன்னு கேட்டா. இன்ஜினியரிங் படிச்ச தம்பிக்குப் பதில் தெரியலை. அதான் தேடிப் படிச்சேன் மக்களே.

சிக்கினது ஒரு சூப்பர் ஆராய்ச்சி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஹேவன்ஸ்டைனும் அவர் சகாக்களும் பண்ணினது. 2003-ல் 'பௌல்ட்ரி சயின்ஸ்' இதழில் வந்தது. 1957-ல் இருந்த கறிக்கோழி வம்சம் ஒன்றை, எடைக்காகப் பொறுக்கி இனம் சேர்க்காம அப்படியே காப்பாத்தி வச்சிருந்தாங்க. நம்ம பாஷையில் 1957 பேக்கப்! அதையும் 2001-ன் ராஸ் 308 கோழியையும் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டுக்கும் 1957 தீவனம், 2001 தீவனம்னு தனித்தனியா போட்டு வளர்த்தாங்க. எது எதனால மாறுதுன்னு பிரிச்சுப் பாக்கிற டெஸ்டிங், அவ்வளவுதான்.

42-ம் நாள் சராசரி எடை:

பழைய கோழி, பழைய தீவனம் - 539 கிராம்
பழைய கோழி, புதுத் தீவனம் - 578 கிராம்
புதுக் கோழி, புதுத் தீவனம் - 2,672 கிராம்

நடு வரியை இன்னொரு தடவை பாருங்க. இன்னைக்கு மாதிரி தீவனத்தைக் கொட்டியும் பழைய கோழி ஏறினது வெறும் 39 கிராம். வளர்ச்சி வேகத்தில் வந்த மாற்றத்தில் 85 முதல் 90 சதவீதம் இனத்தேர்வால, 10 முதல் 15 சதவீதம் தீவனத்தால அப்படிங்கிறது அவங்க முடிவு. வேகமா வளர்ற கோழியையே தலைமுறை தலைமுறையா பொறுக்கி இனம் சேர்த்ததோட விளைவு இது. இந்தக் கணக்கில் ஊசிக்கு இடமே இல்லை.

சும்மா யோசிச்சாலும் புரியும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தா வயித்துல செரிச்சுப் போயிடும். அப்ப ஊசிதான் போடணும், அதுவும் திரும்பத் திரும்ப. ஐயாயிரம் குஞ்சு இருக்கிற கொட்டகையில் ஒவ்வொண்ணா பிடிச்சுக் குத்தறதுக்கு ஆள் கூலி யார் கொடுக்கிறது? பண்ணையில் மருந்து கொடுக்கிறதைப் பாத்தேன்னு சத்தியம் பண்றவங்க பாத்தது அனேகமா வெள்ளைக்கழிச்சல் மாதிரி நோய்க்கான தடுப்பு மருந்தா இருக்கும்.

இதுக்காக பிராய்லருக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கலை. என் கோபமே வேற. இல்லாத ஊசியைத் தேடிக்கிட்டு, இருக்கிற பிரச்சினையை விட்டுடறோம். அவ்வளவு வேகமா வளர்ற உடம்பைக் கோழியோட காலும் இதயமும் தாங்க முடியாம திணறுது. குஞ்சுக்கு அப்பா அம்மாவான கோழிங்களுக்கு, எடை கூடினா முட்டை குறையும்னு தீவனத்தை அளந்து போட்டுப் பட்டினி போடறாங்க. நோயே இல்லாதப்பவும் எடை ஏற ஆன்டிபயாடிக் கலக்கிற பழக்கம் இருந்தது. மனுஷனுக்குக் கடைசி ஆயுதமா வச்சிருக்கிற கொலிஸ்டினை, பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு இந்திய அரசு 2019-ல்தான் தடை போட்டது. கடைக்காரர்கிட்ட "என்ன மருந்து கொடுத்து வளர்த்த கோழி?"ன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்? ஆனா ஒரு அம்மாவை அழ வைக்க மட்டும் ஊசிக் கதை ரெடியா இருக்கு.

இன்னொண்ணு. பதினொரு வயசுங்கிறது மருத்துவக் கணக்கில் இயல்பான வயசுதான். சின்ன வயசில் உடம்பு எடை கூடினா பருவம் கொஞ்சம் முன்னாடியே வரலாம். அதுக்கு நொறுக்குத்தீனியும் காரணமாகலாம், ஓடி விளையாட விடாததும் காரணமாகலாம். கோழியை மட்டும் கூண்டில் ஏத்துவானேன்?

அக்காவுக்கு போன் போட்டு மூணு நம்பரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதை உங்க பெரியம்மாகிட்டயும் சொல்றியாடா?"ன்னா.

சொல்லணும். அதுதான் கஷ்டமான டெஸ்டிங் :-)

டிஸ்கி: எனக்குக் கோழிப்பண்ணை எதுவும் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை பிரியாணியோட மட்டும்தான் தொடர்பு.