சேணமும் பேனாவும்

குதிரைப் படை என்றதும் நம்மில் பெரும்பாலோருடைய மனக்கண் முன் ஒரு வர்ணப் படம் வந்து நிற்கும். குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் வருகின்றன. உருவிய வாள்கள் வெயிலில் பளபளக்கின்றன. பின்னால் புழுதி எழும்புகிறது. தேசிங்கு ராஜன் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. நாமும் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான், அமெரிக்கா தேசத்து உள்நாட்டு யுத்தத்தில் குதிரை ஏறிச் சென்றவர்கள் தாங்களே எழுதிவைத்த ஞாபகக் குறிப்புகளைப் படிக்க உட்கார்ந்தோம். இரண்டொரு புத்தகங்கள் முடிவதற்குள் படம் கலைந்துவிட்டது. வாள் மின்னிய இடத்தில் தீனி மூட்டையும் லாட ஆணியும் புண்பட்ட முதுகும் வந்து சேர்ந்தன.

அந்த யுத்தம் 1861 முதல் 1865 வரையில் நடந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பிரிந்துபோன தென் மாகாணங்கள் ஒரு பக்கம். பிரிய விடமாட்டோம் என்ற வட மாகாணங்கள் மறுபக்கம். இரு தரப்பிலும் குதிரைப் படையில் சேர்ந்து, உயிருடன் திரும்பி, பின்னால் பேனாவைக் கையில் எடுத்தவர்கள் ஏராளம்.

அவர்களில் நம் மனத்தை முதலில் கவர்ந்தவர் சார்லஸ் பிரான்ஸிஸ் ஆடம்ஸ் என்பவர். பாட்டனாரும் கொள்ளுப் பாட்டனாரும் அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்த குடும்பம். தகப்பனார் லண்டனில் வடதரப்பின் ஸ்தானாபதி. இப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை மாஸசூஸெட்ஸ் குதிரைப் படையில் சேர்ந்து, 1863-ஆம் வருஷம் மே மாதம், நெடுந்தூரப் படையெடுப்பு ஒன்றிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வீரத்தைப் பற்றி அதில் அதிகம் காணோம். குதிரைகள் படும் பாட்டைத்தான் எழுதுகிறார். நாள் முழுதும் சேணத்தை இறக்காததால் முதுகு புண்ணாகிச் சீழ் பிடிக்கிறது. ஆயினும் குதிரை நடந்தே ஆகவேண்டும். விழுந்தால் அங்கேயே விட்டுவிட்டு, கண்ணில் பட்ட வேறொரு குதிரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குதிரைப் படை அதிகாரி போர்வீரனாக இருப்பதைவிட மாட்டு வைத்தியனைப் போலக் குதிரை வைத்தியனாக இருப்பதே மேல் என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். குதிரைகளிடம் பரிவு உண்டு. ஆனால் தமக்கு இடப்பட்ட வேலை ஆட்களை எதிரியின் முன் கொண்டுபோய் நிறுத்துவது என்கிறார். இந்தக் கடிதம் 1920-ல்தான் அச்சேறியது. எழுதும்போது அச்சு ஞாபகம் இல்லாததனால்தானோ என்னவோ, அதில் பாசாங்கு இல்லை.

வடதரப்புச் சட்டப்படி ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 14 ராத்தல் வைக்கோலும் 12 ராத்தல் தானியமும் கொடுக்க வேண்டும். ஆயிரம் குதிரை உள்ள ரெஜிமெண்டுக்குத் தினமும் 26,000 ராத்தல் தீனி வண்டியேறி வரவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். படை நடக்கும்போது வண்டி எங்கே வரும்? 1863-ல் குதிரைப் படைக்கென்று தனி இலாகா ஏற்படுத்தி, வாஷிங்டன் அருகே கீஸ்பரோ என்னும் இடத்தில் 30,000 குதிரைகள் வரை நிற்கக்கூடிய லாயம் கட்டினார்கள். பணமிருந்தவர்கள் கட்டினார்கள்.

தென்தரப்பில் அந்தப் பேச்சே இல்லை. அங்கே சிப்பாய் தன் சொந்தக் குதிரையைக் கொண்டுவர வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு 40 ஸென்ட் வாடகை. சண்டையில் குதிரை குண்டுபட்டுச் செத்தால் சர்க்கார் விலை கொடுக்கும். நோயிலோ பசியிலோ நடந்த களைப்பிலோ செத்தால் ஒன்றும் கிடையாது. அவனே வேறு குதிரை தேடவேண்டும், இல்லாவிட்டால் காலாட்படைக்குப் போகவேண்டும். ஆகவே குதிரை தேடி லீவில் ஊருக்குப் போனவர்களால் ரெஜிமெண்டுகள் பாதியாயின. யுத்தத்தின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு தென்தரப்புக்கு மிகவும் அனுகூலமாயிருந்தது. பழகிய ஆளும் பழகிய குதிரையும் சேர்ந்தே வந்தன. பின்னால் அதுவே கழுத்தை நெரித்தது.

சண்டை? அதுவும் உண்டு. 1863 ஜூன் 9-ந் தேதி பிராண்டி ஸ்டேஷனில் இரு தரப்பிலுமாக ஏறக்குறைய 20,000 பேர் மோதினார்கள். அங்கே வாளுக்கும் வேலை இருந்தது. ஆனால் நாளடைவில் குதிரை என்பது சண்டை நடக்கும் இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேருவதற்கான வாகனம் ஆகிவிட்டது. போனதும் இறங்கிவிடுவார்கள்; நாலில் ஒருவன் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான்; மற்ற மூவரும் துப்பாக்கியுடன் தரையில் நின்று போரிடுவார்கள். படம் வரைகிறவர்களுக்குக் குதிரை பிடிக்கிறவன் உதவமாட்டான். ஞாபகக் குறிப்பு எழுதியவர்கள் அவனை மறக்கவில்லை.

ஜேம்ஸ் கிட் என்பவர் மிச்சிகன் சர்வகலாசாலைப் படிப்பை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தவர். பிற்காலத்தில் பத்திரிகை நடத்தினார். அவருடைய நூல் 1908-ல் வெளியாயிற்று; நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையே 45 வருஷங்கள். ஆயினும் கெட்டிஸ்பர்க் போருக்குச் சற்று முன்னர், 23 வயதுத் தளபதி கஸ்டரை முதன்முதலில் கண்ட காட்சியை எழுதும்போது, கறுப்பு வெல்வெட் சட்டையும் பொன் சரிகையும் கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியும் நேற்றுப் பார்த்தவை போல் வருகின்றன. ஞாபகம் விசித்திரமான பொருள். தேதியைத் தொலைத்துவிடும், கழுத்துத் துணியின் நிறத்தைத் தொலைக்காது.

இத்தகைய நூல்களில் ஜம்பத்துக்கும் குறைவில்லை. பிரஷ்யாவிலிருந்து வந்து தென்தரப்பில் சேர்ந்த வான் போர்க்கே 1866-லேயே இரண்டு பாகங்கள் எழுதிவிட்டார். அவரைப் படிக்கையில், இந்த மனிதர் இல்லாவிட்டால் தென்தரப்பு ஒரு வாரம்கூடத் தாங்கியிராது என்று தோன்றும். படிக்கச் சுவையாயிருக்கிறது, நம்புவதற்கு முன் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும்.

மோஸ்பி வேறு ரகம். வாளை ஒதுக்கிவிட்டுக் கைத்துப்பாக்கியை நம்பியவர். 1863 மார்ச் மாதத்து இரவொன்றில் 29 பேருடன் எதிரியின் முகாமுக்குள் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்த தளபதியையும் 58 குதிரைகளையும் கொண்டுபோய்விட்டார். தளபதியை வேறு செய்துகொள்ளலாம், குதிரைக்குத்தான் பணம் வேண்டும் என்று லிங்கன் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது.

இந்த மோஸ்பியிடம் நமக்கு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் அந்தச் சாகஸமன்று. யுத்தம் முடிந்த பிறகு தென்னாட்டார் பலர், மாகாண உரிமைக்காகவே போரிட்டோம், அடிமை முறைக்காக அல்ல என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். மோஸ்பியோ 1907-ல் பழைய தோழருக்கு எழுதிய கடிதத்தில், அடிமை முறையின் பொருட்டே தெற்கு யுத்தத்துக்குப் போயிற்று என்று உடைத்துச் சொல்லிவிட்டார். தாம் தெற்கின் பக்கம் நின்றதற்காக வெட்கப்படவும் இல்லை. நின்ற காரணத்தை மறைக்கவும் இல்லை.

அவர் சொன்னதைக் கேட்டபின் மற்ற நூல்களைத் திருப்பிப் பார்த்தால், கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. தென்தரப்பு அதிகாரிகள் பலர் தம் அடிமை ஒருவனைப் பணியாளாக உடன் அழைத்துச் சென்றார்கள். குதிரையின் முதுகைத் தேய்த்தவன், காபி காய்ச்சியவன், தீனி தேடி அலைந்தவன் அவனே. பக்கத்துக்குப் பக்கம் குதிரையின் பெயர் வருகிறது, நிறம் வருகிறது, அது எந்தச் சண்டையில் எப்படிச் செத்தது என்பதும் வருகிறது. அந்த மனிதனுக்கு அந்த இடம் இல்லை. வந்தால் வேடிக்கைக்கு வருகிறான். தென் மாகாணங்கள் பெரும்பாலானவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே பதில் சொல்ல அவன் கையில் பேனாவும் இல்லை. 1857-ஆம் வருஷத்தைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிக் குவித்த நூல்களில் நம் சிப்பாய்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று.

சரணாகதி 1865 ஏப்ரல் 9-ந் தேதி நடந்தது. குதிரைகள் எங்கள் ஆட்களின் சொந்தச் சொத்து என்று லீ சொல்ல, வசந்த காலத்து உழவுக்கு வேண்டியிருக்கும், ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று கிராண்ட் சம்மதித்தார். கிராண்டே தம் நூலில் எழுதியிருக்கிறார், பெருந்தன்மையான செயல்.

அதற்கு 6 நாட்களுக்கு முன், ஏப்ரல் 3-ந் தேதி, தென்தரப்பின் தலைநகரான ரிச்மண்டுக்குள் மாஸசூஸெட்ஸ் 5-வது குதிரைப் படை நுழைந்தது. கறுப்புச் சிப்பாய்களின் படை அது. விடுதலையாய்ப் பிறந்தவர்களும் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். பிரெடரிக் டக்ளஸின் புதல்வர் ஒருவரும் அதில் ஊழியம் செய்தவர். பெயர்தான் குதிரைப் படை, 1864-ல் அவர்களைக் குதிரையின்றியே பீட்டர்ஸ்பர்க் போர்முனைக்கு அனுப்பினார்கள், கால்நடையாகவே போரிட்டார்கள். ரிச்மண்டுக்குள் அவர்களை நடத்திச் சென்ற கர்னல், முன்பு குதிரைகளுக்காக வருந்திக் கடிதம் எழுதிய அதே ஆடம்ஸ். தம் படை வாழ்க்கைக்கு இதைவிடச் சிறந்த முடிவை விரும்பியிருக்க முடியாது என்று தகப்பனாருக்கு எழுதினார்.

அவர் எழுதினார். பின்னால் குதிரைமீது வந்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்தது என்பதை அவர்களில் ஒருவர் எழுதிய புத்தகம் நம் மேஜைமேல் உள்ள குவியலில் இல்லை. வாசகர் எவருக்கேனும் அத்தகைய நூல் கிடைத்தால் தயவுசெய்து தெரிவிக்க வேண்டும். வான் போர்க்கேயை அலமாரியில் வைத்துவிட்டு அன்றைக்கே படிக்கத் தொடங்குகிறோம்.