வீட்டுக்கு ஒரு வீடியோக் கமரா

சென்ற வெள்ளிக்கிழமை மாலை எமது அயலவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கனடாவில் வாழும் அவருடைய தம்பியார் வரும் விடுமுறைக்கு ஊருக்கு வரவிருக்கின்றார். தாயாருக்கு எண்பது வயது நிறைகின்றது. மூத்த மகளின் அரங்கேற்றமும் அண்மித்துவிட்டது. "மாஸ்டர், தம்பி ஒரு வீடியோக் கமரா கொண்டுவாறன் எண்டு நிக்கிறான். எதை வாங்கச் சொல்லுறது?" என்று வினவினார். அவர் கையிலிருந்த தாளில் நான்கு கமராக்களின் பெயர்களும், அவற்றுக்கு எதிரே பெரிய பெரிய எண்களும் எழுதப்பட்டிருந்தன.

அவ்வெண்களைக் கண்டதும் எமது தந்தையாரின் ஒளிநாடாவே எமக்கு நினைவில் எழுந்தது. 2004ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் நிலவிய காலத்தில், இலண்டனிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒரு கமராவைக் கொண்டுவந்தார். தீப்பெட்டியிலும் சற்றே பெரிய நாடாவிற் பதிவு செய்வது அது. தூரத்துப் பொருளை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டும் என்று அதன் பக்கத்திலே பொறித்திருந்தார்கள். தந்தையாரை விறாந்தையில் இருத்தி, அவர் இளமையில் விடியுமுன் எழுந்து துலா மிதித்ததையும் புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைத்ததையும் சொல்லுமாறு வேண்டினோம். அவரும் நாடா முடியும்வரை ஒரு மணி நேரம் சொன்னார். கமராவோ விறாந்தையின் மறுகோடியில் இருந்தது. தலைக்குமேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

தந்தையார் 2011இல் காலமானார். இன்று அந்தப் பதிவைப் பார்த்தால் முகம் தெளிவாகத் தெரிகின்றது, வாயசைவும் தெரிகின்றது. இடையிடையே "துலா" என்ற சொல்லும், ஒருமுறை அவர் சிரித்த சிரிப்பும் காதில் விழுகின்றன. மற்றையதெல்லாம் விசிறியின் இரைச்சல்.

ஆகவே அயலவரிடம் நாம் முதலிற் கேட்டது, "இவற்றுள் எதற்கு ஒலிவாங்கி பொருத்தும் துளை உண்டு?" என்பதே. அவர் தாளில் அதைப் பற்றி ஒரு வரியேனும் இல்லை. திறந்தவெளியிலே தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு காற்பங்காகக் குறையும் என்பது பௌதிகவியல் கற்கும் மாணவர் அறிந்ததே. பத்தடி தூரத்திலுள்ள விலையுயர்ந்த கமராவின் காதைக் காட்டிலும், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சட்டையிலோ சேலையிலோ கொளுவிய சிறு ஒலிவாங்கி நன்றாகக் கேட்கும். அதனைக் கைத்தொலைபேசியிலும் பொருத்தலாம். தொலைபேசியை ஒரு முக்காலியில் நிறுத்தி, விசிறியை நிறுத்திவிட்டால், தாயாரின் பேச்சைப் பதிவு செய்வதற்கு வேறொரு கமரா வேண்டியதில்லை என்றே நாம் கருதுகின்றோம். இது எமது துணிபு மட்டுமன்று. 2007இல் அமெரிக்காவில் "பிளிப்" என்னும் சின்னஞ்சிறு வீடியோக் கமரா வந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாற் போதும். குழந்தையும் படம் எடுக்கும். அதனை ஆக்கிய நிறுவனத்தை 2009இல் சிஸ்கோ நிறுவனம் ஏறத்தாழ 590 மில்லியன் டொலர் பெறுமதிக்கு வாங்கிற்று. 2011இல் அத்தொழிலையே மூடிவிட்டது. அதற்குள் அதே வேலையைச் சட்டைப்பையிலிருந்த தொலைபேசி செய்யத் தொடங்கிவிட்டது.

அரங்கேற்றத்தின் கதை வேறு. அங்கே தூரமும் நேரமும் குறுக்கிடுகின்றன. தொலைபேசி இரண்டு மணி நேரம் ஓயாது பதிந்தால் சூடேறும், பற்றரியும் இறங்கும். தூரத்துக்கு வேண்டியது வில்லைகள் நகர்ந்து செய்யும் உண்மையான உருப்பெருக்கம். இருபது மடங்கு இருந்தால் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்தும் ஆடுபவளின் முக பாவத்தைக் காணலாம். "டிஜிற்றல்" என்ற அடைமொழியோடு வரும் நூற்றுக்கணக்கான மடங்கு, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறன்று. சித்தப்பாவின் கமராவிற் பொறித்திருந்ததும் அதுவே. புகைப்படக் கமராக்களிலும் நல்ல வீடியோ எடுக்கலாம். ஆயினும் அவற்றுட் பல, ஐரோப்பிய சுங்கத்தில் வீடியோக் கமராவுக்குரிய வரியைத் தவிர்க்கும் பொருட்டு, 29 நிமிடம் 59 செக்கனில் தாமாகவே நின்றுவிடுமாறு நெடுங்காலம் ஆக்கப்பட்டன. பழையதொன்றை வாங்குவோர் இதைப் பார்த்து வாங்குக. வர்ணத்தின் நடுவிலே படம் நின்றுபோகும்.

கனடாவிலிருந்து வருவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 60 சுற்று, நம்முடையது 50. அங்கே விற்கும் கமராக்கள் செக்கனுக்கு 30 அல்லது 60 படம் எடுக்குமாறு அமைந்தவை. நம் நாட்டு மண்டபங்களின் குழல் விளக்குகளின் கீழே அவ்வாறு எடுத்தாற் படம் துடிக்கும். சிலவேளை கருங்கோடுகளும் ஓடும். பல கமராக்களில் அமைப்பை 25 அல்லது 50 படத்துக்கு மாற்றலாம்; ஆனால் வட அமெரிக்காவில் விற்கப்பட்ட சில கமராக்களில் இம்மாற்றம் முடியாது. மின்னேற்றியில் 100 முதல் 240 வோல்ற்று என்று எழுதியிருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"4கே தானே நல்லது?" என்று அயலவர் இடைமறித்தார். அது 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது; நல்லதுதான். ஆனால் செக்கனுக்கு 50 மெகாபிட் வீதம் பதிந்தால் நிமிடத்துக்கு 375 மெகாபைட், இரண்டு மணி நேர அரங்கேற்றத்துக்கு 45 கிகாபைட் ஆகும். அதை எங்கே வைப்பது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒரு வன்தட்டில் மட்டும் வைத்திருப்பது வைத்திராமைக்குச் சமம். இரண்டு பிரதி வேண்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது நன்று.

தந்தையாரின் நாடாவைப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு கருவியைத் தேடி நாம் கொழும்புவரை அலைந்தோம். வீ.எச்.எஸ். நாடாக்கருவிகளை இறுதிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமாகிய பூனாயும் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கலியாண நாடாக்களை அலுமாரியில் வைத்திருக்கும் வாசகர்கள், கருவிகள் ஒன்றிரண்டு இன்னும் இயங்கும்போதே அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்க. புதிய கமராவுக்குச் செலவிடும் பணத்திற் சிறுபகுதி இதற்குப் போதும்.

அயலவர் தமது தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அரங்கேற்றத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு ஆளையும் கமராவையும் அமர்த்துவதென்றும், தம்பியாரிடம் இரண்டு வன்தட்டுகளை மட்டும் கொண்டுவரச் சொல்வதென்றும் முடிவாயிற்று. தாயாரின் பேச்சுக்குத் தம்பியாரை எதிர்பார்த்திருக்க வேண்டாம், நாளைக்கே தொடங்குங்கள் என்று சொல்லி, எமது ஒலிவாங்கியைக் கொடுத்தனுப்பினோம். அதனை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.