மதிப்பெண் என்னும் புதிய தலையெழுத்து

“பட்டம் பெற்றுவிட்டாய், பாராட்டுகிறோம். ஆனால் மதிப்பெண் போதாது. பொதுச் சுகாதார மேற்படிப்பை மறந்துவிடு!” என்றொரு தீர்ப்பு இந்நாட்டிலே அன்றாடம் வழங்கப்படுகிறது. அதைக் கேட்டுத் தலைகவிழ்ந்து திரும்புவோர் யார்? செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் பேருந்தேறித் திருவண்ணாமலைக்கு வந்து கல்வி கற்று, குடும்பத்திலே முதற் பட்டதாரி என்று பெயரெடுத்த பிள்ளைகள். நேற்று அவர்தம் பாட்டனை நோக்கி, “உன் தலையெழுத்து அப்படி” என்றனர். இன்று பேரனை நோக்கி, “உன் மதிப்பெண் இப்படி” என்கின்றனர். எழுதுகோல் மாறியிருக்கிறது, எழுத்து மட்டும் மாறவில்லை!

பொதுச் சுகாதாரம் என்பது யாது? வந்த நோய்க்கு மருந்தளிப்பது மருத்துவம். நோயை வரவொட்டாமல் தடுப்பது பொதுச் சுகாதாரம். அதன் அருமையை உணரத் திருவண்ணாமலையைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர்ப் பாதை. கார்த்திகை தீபத்தன்று அங்கே இலட்சக்கணக்கில் மக்கள். அத்தனை பேருக்கும் குடிநீர் வேண்டும், உணவு வேண்டும், கழிப்பிடம் வேண்டும். ஒரு தொட்டி நீர் கெட்டால் போதும், நோய் ஓராயிரம் ஊருக்குப் பயணம் புறப்பட்டுவிடும். முற்காலத்துத் திருவிழாக்களில் அதுதான் நடந்தது. தேர் நிலைக்கு வருமுன்னே காலரா ஊருக்குள் வந்துவிடும். அம்மன் சினம் என்று சொல்லி ஆட்டை வெட்டினர். ஆடும் போயிற்று, ஆளும் போயிற்று.

இன்று அந்தக் கொடுமை இல்லையே, ஏன்? அம்மனின் சினம் தணிந்ததாலா? குடிநீரிலே குளோரின் கலந்ததால்! குப்பையை விடியுமுன் வாரியதால்! சென்னை மாகாணம் 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்டது. இந்தியாவில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதிலே தனி விதிகள் வகுத்தனர். நோய்த்தடுப்புக்கென்று தனித்துறையே நடத்தும் மாநிலம் நம்முடையது. தீபம் மலையுச்சியில் எரிகிறது. அதைக் காண வந்தவர் பிழைத்து வீடு திரும்புவதோ, மலையடியில் குளோரின் வாளியோடு நிற்பவரின் கைத்திறனால்.

இத்தகைய அறிவியலைக் கற்க எவர் ஏற்றவர் என்பதே நம் கேள்வி. ஜவ்வாது மலைச் சிற்றூரில் பேறுகால வலி கண்ட பெண்ணை இரவிலே ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுவரும் பாடு எத்தகையது? தடுப்பூசி என்றதும் எந்தத் தாய் தயங்குகிறாள், எந்தச் சொல் கேட்டால் இசைகிறாள்? இவற்றுக்கு விடை எந்த வினாத்தாளிலும் இல்லை. அங்கே பிறந்தவன் நெஞ்சிலே இருக்கிறது. அவனைப் பார்த்துத்தான், “ஐம்பத்தைந்து விழுக்காடு எங்கே?” என்று வாயிற்படியில் நின்று கேட்கின்றனர்.

மதிப்பெண் குறைந்த கதையைக் கேட்டார்களா? பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவன், கல்லூரியில் நுழைந்த அன்றே ஆங்கிலக் காட்டிலே விடப்படுகிறான். முதலாண்டில் மூன்று பாடம் ‘அரியர்’. மாலையில் கடைக்கணக்கு எழுதிக் கட்டணம் செலுத்துகிறான். தட்டுத் தடுமாறி, இறுதியாண்டில் முதல் வகுப்பு எண்களைத் தொடுகிறான். பிறகு என்ன செய்கின்றனர்? முதலாண்டு வீழ்ச்சியையும் இறுதியாண்டு எழுச்சியையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி போடுகின்றனர். அவன் ஏறிய ஏற்றம் முழுவதும் அந்தச் சராசரியிலே புதைந்துபோகிறது! மாடியிலேயே பிறந்தவனும், கிணற்றடியிலிருந்து மாடிக்கு ஏறி வந்தவனும் ஒரே படியில் நிற்கும்போது, நீண்ட வழி நடந்தவன் எவன் என்று கேட்பது நியாயமா, அநியாயமா?

“தகுதி! தகுதி!” என்று தாளம் போடுவோரே, உங்கள் தகுதியின் வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். அரியலூர் மாவட்டத்து அனிதா, கூலித் தொழிலாளியின் மகள், 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றார். மதிப்பெண்தானே தகுதி? மருத்துவக் கல்லூரி கதவு திறந்ததா? “பள்ளி மதிப்பெண் செல்லாது, நீட் தேர்வே தகுதி” என்றீர்கள். அந்தப் பெண்ணை நாடு இழந்தது. போகட்டும், நீட் தேர்வையாவது போற்றினீர்களா? 2023 செப்டம்பரில், மருத்துவ மேற்படிப்பு நீட் தேர்வின் தகுதிக்கோட்டைச் சுழிச் சதமானத்துக்கு இறக்கியது ஒன்றிய அரசு. தவறான விடைகளால் சுழிக்கும் கீழே போனவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்று ஆயிற்று. இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பது காரணம். ஏழை மகள் 1176 பெற்றபோது மதிப்பெண் தகுதியன்று. கட்டணம் கட்ட ஆள் தேவைப்பட்டபோது சுழியும் தகுதி!

சுழி பெற்ற மருத்துவரை நாம் இகழவில்லை. அவரும் ஐந்தரை ஆண்டு பயின்று, தேறி, மருத்துவர் ஆனவரே. நாம் சொல்வது இதுதான்: வேண்டியபோது உயர்த்தவும், வேண்டாதபோது தாழ்த்தவும் கூடிய சுவர் இயற்கை தந்த மலையன்று, மனிதர் கட்டியது. மனிதர் கட்டியதை மனிதர் மாற்றலாம்.

வேடிக்கை இன்னொன்று உண்டு. முதல் வரிசையில் தேறிய மருத்துவர் ஓடுவது கதிரியக்கவியலுக்கும் தோல் மருத்துவத்துக்கும். சமூக மருத்துவம் அவருக்குக் கடைசித் துறை. பல இடங்களில் ஆளின்றிக் கிடக்கும் துறை. அழைத்தவர் வருவதில்லை, வருபவரை அழைப்பதில்லை! இடையிலே அல்லற்படுவது யார்? கொசுக்கடிபட்டு டெங்குவில் விழும் ஏழை வீட்டுக் குழந்தை.

பொதுச் சுகாதார வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது. 1854இல் லண்டனில் காலரா வந்தபோது, கெட்ட காற்றே காரணம் என்று பெரியோர் முழங்கினர். வீடு வீடாகச் சென்று எவர் எங்கே நீர் எடுத்தார் என்று விசாரித்து, பிராட் தெருவின் நீர்க்குழாயைச் சுட்டிக்காட்டினார் ஜான் ஸ்நோ. அவர் கூலித் தொழிலாளியின் மகன். பதினான்கு வயதில் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்றவர். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்டு, 1897இல் பம்பாயில் பிளேக் ஊசியைத் தம் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்த ஹாஃப்கின் மருத்துவரே அல்லர், விலங்கியல் கற்றவர். யூதராய்ப் பிறந்ததால் தாய்நாட்டிலே உயர்வு மறுக்கப்பட்டவர். நம் முத்துலட்சுமி ரெட்டிக்குப் புதுக்கோட்டைக் கல்லூரியில் இடம் தரக்கூடாது என்று எதிர்த்தனர். பெண் என்றனர், பிறப்பைச் சொல்லிப் பழித்தனர். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். வாயிலில் நின்ற காவலர்களின் பெயர் எவருக்கு நினைவிருக்கிறது?

பணியையும் தகுதியாகக் கொள்ளலாகுமா என்று ஐயுறுவோர்க்கு நீதிமன்றமே விடை தந்திருக்கிறது. அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு அளிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டென்று 2020 ஆகஸ்டு 31ஆம் நாள் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வழக்காடி வென்றது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். ஊருக்கு உழைத்த மருத்துவருக்குப் பொருந்தும் நீதி, மருத்துவரல்லாத பட்டதாரிக்கும் செவிலிக்கும் பொருந்தாதா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கொரோனாவுக்குப் பின், பொதுச் சுகாதார மேற்படிப்புக்கு ஜி.ஆர்.இ. தேர்வு கேட்பதையே விட்டன. செய்த பணி, எழுதும் விண்ணப்பக் கட்டுரை, அறிந்தோர் தரும் பரிந்துரை ஆகியவற்றை மதிப்பெண்ணோடு சேர்த்து நிறுக்கின்றன.

இளைஞர்களே, உங்களிடமும் சில சொல்ல வேண்டும். குறைந்த மதிப்பெண் குற்றமன்று. அதுவே பெருமையும் ஆகாது. நுழைவுச்சீட்டைச் சந்நிதியில் வைத்து எடுப்பதாலும், பேனாவுக்குப் பொட்டு வைப்பதாலும், ஈரத்துணியோடு மலையைச் சுற்றுவதாலும் பட்டியலில் ஓர் எண்ணும் கூடாது. அந்தப் பதினான்கு கிலோமீட்டரை வேறு விதமாக நடந்து பாருங்கள். எத்தனை குடிநீர்த் தொட்டி, எது மூடியது, எது திறந்தது, எங்கே கழிவுநீர் கலக்கிறது என்று குறித்து வாருங்கள். அதுவே உங்கள் முதல் ஆய்வு. புள்ளியியலை அஞ்சாமல் கற்றுக்கொள்ளுங்கள். நோய்ப்பரவலியல் முழுவதும் எண்ணிக் கணக்கிடும் கலைதான். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மருந்து கொண்டுசெல்லும் பெண்களோடு சென்று பாருங்கள். ஓராண்டு களப்பணி செய்யுங்கள். உங்கள் உழைப்பைக் கண்டவரிடம் பரிந்துரை பெறுங்கள். விண்ணப்பத்தில் வீழ்ச்சியை மறைக்காதீர்கள், அதற்காக அழவும் வேண்டா. ஏன் விழுந்தீர்கள், எப்படி எழுந்தீர்கள் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு, செய்த வேலையைப் பத்து வரியில் எழுதுங்கள். புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் போன்ற இடங்களில் மருத்துவரல்லாத பட்டதாரிகளும் இப்படிப்பைப் பயில்கின்றனர். விதிகளைத் தேடிப் படியுங்கள். ஓரிடம் மறுத்தால் மறு இடம். இவ்வாண்டு மறுத்தால் மறு ஆண்டு.

ஆள்வோரை நாம் கேட்பது சலுகையன்று. பொதுச் சுகாதார மேற்படிப்பில் களப்பணிக்கு எண் கொடுங்கள். சராசரியை மட்டும் பாராமல் ஏற்றத்தையும் பாருங்கள். முதற் பட்டதாரிக்கும் மலைவாழ் மக்களின் பிள்ளைக்கும் படிப்புக்கு முன்னே ஆங்கிலமும் புள்ளியியலும் பயிற்றுங்கள். உள்ளே வந்தபின் தேர்வு கடுமையாகவே இருக்கட்டும். அதற்கு நம் பிள்ளைகள் அஞ்சார்.

தலையெழுத்தை அழித்துக் காட்டிய நாடு இது. மதிப்பெண் பட்டியலையா நம்மால் திருத்த முடியாது?